மெட்டுப் போட்ட தம்பியின் பெயர் எங்கே?

கேள்வி: பெர்ஸி ஸ்லெட்ஜ் 1966-இல் பாடிய ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ எனக்கு உயிர். அதே பாணியில் என் மனைவிக்காக ஒரு பாட்டு எழுதிப் பாடி யூடியூபில் போட்டேன். நல்ல வரவேற்பு. அவள் மட்டும் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்கவில்லை. மெட்டு தம்பி போட்டது. ஆனால் வாசிப்பில் கொஞ்சம் பிசிறு. தவிர, இது நான் அவளுக்குத் தந்த பரிசு என்பதால் அவன் பெயரைப் போடவில்லை. கோபத்தில் பொங்கலுக்குக்கூட அவன் வரவில்லை. பெண்ணுக்காக உயிர் நண்பனையே உதறுவான் என்றுதானே அந்தப் பாட்டும் சொல்கிறது? மனைவி மனதை எப்படி மாற்றுவது?

பதில்: நீங்கள் மனைவியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் தம்பியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ‘மெட்டு தம்பி போட்டது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். மெட்டு அவனுடையது என்றால் பாட்டில் பாதி அவனுடையது. கூடப் பிறந்தவன் உழைப்பை எடுத்து மனைவிக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் பரிசா?

ஸ்லெட்ஜைத் துணைக்கு அழைக்கிறீர்கள், சரி. அவர் என்ன செய்தார்? அலபாமாவில் மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் ஒரு குழுவில் பாடியவர். காதலி விட்டுப்போன வலியில் பிறந்த பாட்டு அது என்று சொன்னவரும் அவரே. ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்று இன்றுவரை இருப்பது குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த கால்வின் லூயிஸ், ஆர்கன் வாசித்த ஆண்ட்ரூ ரைட் இருவரின் பெயர்கள்தான். கூட இருந்து உதவியவர்களுக்குத் தானே விட்டுக்கொடுத்ததாக ஸ்லெட்ஜ் சொல்லியிருக்கிறார். 1991-இல் மைக்கேல் போல்டன் பாடி அது மறுபடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோதும், எழுதியவர்களுக்கான ராயல்டியில் ஸ்லெட்ஜுக்குப் பங்கில்லை. அந்த அளவுக்கு நீங்கள் விட்டுத்தர வேண்டாம். தன் பெயரையே விட்டது அதிகம் என்பதுதான் என் எண்ணம். தம்பிக்கு உரியதைத் தம்பிக்குக் கொடுங்கள், போதும்.

அப்புறம் அந்தப் பிசிறு. உங்கள் உயிரான பாட்டிலேயே பின்னால் வரும் ஊதுகருவிகள் சுருதி விலகித்தான் ஒலிக்கின்றன. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அதைத் திருத்தச் சொல்லி, ஒலிப்பதிவுக் குழுவினரும் மறுபடி வாசித்துப் பதிவு செய்தார்கள். ஆனால் தவறுதலாகப் பழைய டேப்தான் தட்டாக வெளிவந்தது. அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது அந்தப் பிசிறோடுதான். எடுத்த எடுப்பில், ஒலிப்பதிவில் வாசித்த ஸ்பூனர் ஓல்ட்ஹாமின் ஆர்கன் தாங்கிப் பிடிக்காவிட்டால் ஸ்லெட்ஜின் குரல் எதன்மேல் ஏறி நிற்கும்? தம்பி உங்களுக்குச் செய்ததும் அதைத்தான்.

நண்பனை உதறுகிறவன் அந்தப் பாட்டுக்குள் இருப்பவன். காதலில் கண் தெரியாமல் போனவன். அவனைப் பார்த்தா குடும்பம் நடத்துவது? அண்ணன் என்றால் தம்பியை முன்னால் நிறுத்த வேண்டியவன். கொழுந்தன் வராத பொங்கலன்று உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் நின்றது உங்கள் மனைவி. அந்தப் பாட்டை அவள் எப்படி ரசிப்பாள்?

இன்றே யூடியூபில் ‘இசை’ என்று போட்டு அவன் பெயரைச் சேருங்கள். வருமானம் வந்தால் பாதி அவனுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போனில் முடித்துக்கொள்ளாமல் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.