மேட்சில் சென்டர், பிராக்டிஸில் ஃபார்வர்டு

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியிலிருந்தே கூடைப்பந்து ஆடுகிறேன். உயரம் 5 அடி 9 அங்குலம், ஃபார்வர்டு. பந்தைக் கொண்டு வருவேன், பந்தோடு ரிங்கை நோக்கி டிரைவ் போவேன், பாஸ் நன்றாகக் கொடுப்பேன், எதிரணியில் யாரைக் காட்டினாலும் மார்க் பண்ணுவேன். ரிங்குக்குக் கீழே நின்று ஆடும் எங்கள் சென்டர் அக்கா படிப்பு முடித்துப் போய்விட்டார். முதலாண்டில் ஆறடி உயரத்தில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், ஆனால் அவள் ஆடத் தொடங்கியே ஒரு வருடம்தான் ஆகிறது. அதனால் 'இந்த வருஷம் நீதான் சென்டர்' என்கிறார் கோச் சார். 'டிரேமண்ட் கிரீன் ஆடலையா?' என்றும் கேட்கிறார். அமெரிக்க என்பிஏ லீக் ஆட்டக்காரரான கிரீனை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் பயமாக இருக்கிறது. போன வாரப் பயிற்சி ஆட்டத்தில் 6 அடி 1 அங்குலப் பெண்ணை மார்க் பண்ணி, பத்து நிமிடத்தில் மூன்று ஃபவுல் வாங்கினேன். என் ஆட்டமே கெட்டுவிடுமா? உடம்பு ஏற்ற வேண்டுமா? மாட்டேன் என்று சொல்லிவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மாட்டேன் என்று சொல்லாதீர்கள். ஆடுங்கள். ஆனால் கோச்சிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு ஆடுங்கள்: மேட்சில் நான் சென்டர், பிராக்டிஸில் நான் ஃபார்வர்டு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளி அணியிலேயே உயரமானவள் நான்தான். 'ரிங்குக்குக் கீழே நில், பந்து வந்தால் போடு' என்றார்கள். நான்கு வருடம் அங்கேயே நின்றேன். கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, அந்த ரீபவுண்டை, எடுத்த அடுத்த நொடி 'கார்டுகிட்ட கொடு', அதாவது பந்தைக் கொண்டுபோகிறவளிடம் கொடு என்று கோர்ட்டுக்கு வெளியிலிருந்து குரல் வரும். மூன்று தட்டுக்கு மேல் நான் பந்தைத் தட்டியதே கிடையாது. அப்புறம் 5 அடி 7 அங்குலத்தோடு வளர்த்தி நின்றுவிட்டது. கல்லூரி செலக்‌ஷனுக்குப் போனபோது சென்டருக்கு நான் குட்டை. கார்டாக ஆடலாம் என்றால் இடது கையே வரவில்லை. போஸ்டில், அந்த ரிங்கடியில், ஆடியதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. முட்டி மோதி இடம் பிடிப்பதை அங்கேதான் கற்றேன். அந்த நான்கு வருடமும் வேறெதையும் பழக விடவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் நிலைமை அப்படி இல்லை. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ரிங்குக்குக் கீழே போகிறீர்கள். கிரீன் செய்ததும் இதுதான், கோச் சார் சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார். ஆனால் அந்தக் கதையை முழுசாகப் பார்க்க வேண்டும்.

2015 என்பிஏ இறுதிச் சுற்று. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், கிளீவ்லேண்ட் அணியிடம் 1-2 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், ஏழடி ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு ஆண்ட்ரே இக்வடாலாவைப் போட்டார். யோசனை சொன்னவர் கெரின் உதவியாளர்களில் ஒருவரான நிக் யூரன். 6 அடி 6 அங்குலக் கிரீன் சென்டரானார். எதிரே 7 அடி 1 அங்குலத்தில் டிமொஃபே மோஸ்கோவ். அன்றைக்கு மோஸ்கோவ் 28 புள்ளி எடுத்தார், 10 ரீபவுண்ட் வேறு. ஸ்கோர் என்ன தெரியுமா? 103-82, வாரியர்ஸ் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லேண்ட் பயிற்சியாளர் மோஸ்கோவைக் கொஞ்ச நேரம்தான் இறக்கினார். இவ்வளவு வேகமாக ஓடும் அணிக்கு எதிராக அவரை நிறுத்த முடியவில்லை. வாரியர்ஸ் 4-2 என்று கோப்பையை எடுத்தது.

இந்த ஆட்டத்தை நீங்கள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உயரமான பெண் உங்கள் தலைக்கு மேல் நாலு கூடை போடுவாள். போடட்டும். அந்த நாலு கூடைக்குக் கலங்கி அவள் கையைத் தட்டப் போனதில்தான் உங்களுக்கு மூன்று ஃபவுல் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் திரும்பி ஓடி வருவதற்குள் அந்தப் பக்கம் நீங்கள் எத்தனை போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

கிரீன் அங்கே எடுபட்டதற்கு முதல் காரணம் அவருடைய பாஸ். வாரியர்ஸ் கார்டு ஸ்டெஃபன் கரிக்கு அவர் ஸ்கிரீன் வைப்பார், அதாவது கரியைத் தடுப்பவரின் வழியை உடம்பால் மறிப்பார். எதிரணியில் இரண்டு பேர் கரியை மடக்குவார்கள். கரி பந்தைக் கிரீனிடம் தள்ளிவிடுவார். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தோடு கிரீன், அவருக்கு முன்னால் நாலு பேருக்கு மூன்று பேர் என்ற நிலை. வழக்கமான சென்டர் அங்கே திணறிப்போவார். கிரீன் ஒரு தட்டு தட்டி, யார் ஆளில்லாமல் நிற்கிறார் என்று பார்த்துக் கொடுப்பார். 2015-16 சீசனில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 7.4 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ். இந்த வித்தை ஃபார்வர்டாகப் பழகிய கையிலிருந்து வந்தது. 1980-ல் மேஜிக் ஜான்சனும் இப்படித்தான். அவர் அணியின் சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் சுளுக்கி வர முடியாத ஆறாவது இறுதி ஆட்டத்தில், 20 வயதுக் கார்டு சென்டராக ஆட்டத் தொடக்க ஜம்ப் பாலுக்கு நின்று 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் எடுத்தார். அன்று அவர் கார்டாகவும் ஆடினார், ஃபார்வர்டாகவும் ஆடினார், நிற்கச் சொன்ன இடம் மட்டும் சென்டர்.

சரி, கோச் சார் சொல்லாமல் விட்ட பாதிக்கு வருகிறேன். 73 ஆட்டங்களை வென்ற அந்த 2015-16 சீசனில்கூட வாரியர்ஸின் தொடக்க சென்டர் பெரும்பாலும் போகட்தான். கிரீனைச் சென்டருக்கு மாற்றுவது சில நிமிடங்களுக்கு, முக்கியமாக ஆட்டத்தை முடிக்கும் நேரத்துக்கு. மற்ற நேரமெல்லாம் மோதலை வாங்கிக்கொள்ள ஒரு பெரிய உடம்பு கூடவே இருந்தது. முழு நேரமும் இப்படி ஆடிப் பார்த்தது ஹூஸ்டன் அணி. 2020 பிப்ரவரியில் 6 அடி 10 அங்குல சென்டர் கிளின்ட் கபேலாவை அனுப்பிவிட்டு, 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரைச் சென்டராக்கியது. லேக்கர்ஸுக்கு எதிரான இரண்டாம் சுற்றில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தது, அடுத்த நான்கிலும் தோற்றது. அதற்குக் காரணங்கள் பல. என் பார்வையில் பெரிய காரணம், மாற்றி ஆட அவர்களிடம் வேறு ஆளே இல்லை. சின்ன அணி ஒரு ஆயுதமாக இருக்கும்போது எதிரி பயப்படுவான். அது ஒன்றுதான் உன்னிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கென்றே தயாராகி வருவான்.

டக்கரிடம் உங்களுக்கு ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. தடுப்பில்தான் அவர் சென்டர். தாக்குதலில் மூலையில் போய் நின்று த்ரீ பாயின்ட் போடுவார். அவரை மார்க் பண்ண வந்த பெரியவர் ரிங்கை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்கள் பயத்தைப் பற்றி ஒன்று. 6 அடி 10 அங்குல ஆந்தனி டேவிஸே 2019-ல் லேக்கர்ஸில் சேர்ந்தபோது, சென்டர் ஆட எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். தினமும் அந்த மோதலை உடம்பு தாங்காது என்பதை அவரை மாதிரி ஆட்கள் நன்றாக அறிவார்கள். அடுத்த வருடம் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் தொடக்கத்திலேயே சென்டராக இறங்கிக் கோப்பையை எடுத்தார். தேவைப்படும்போது ஆடினார். ஆகவே நீங்கள் தயங்குவதைப் பார்த்து யாராவது 'பயந்தாங்கொள்ளி' என்றால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் கோர்ட். நாம் ஆடுவது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதி. அதில் என்பிஏவைவிடக் குட்டை சென்டருக்குக் கொஞ்சம் கஷ்டம் அதிகம். ஃபவுல் விகிதம் இரண்டிலும் ஒன்றுதான்: என்பிஏவில் 48 நிமிடத்துக்கு ஆறு, நமக்கு 40 நிமிடத்துக்கு ஐந்து, அது ஆனால் வெளியே. ஆனால் என்பிஏவில் தடுப்பவர் யாரையும் மார்க் பண்ணாமல் ரிங்குக்கு முன்னால் உள்ள பெயிண்ட் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது, நம் விதியில் அந்தத் தடை இல்லை. அந்த ஆறடி ஒரு அங்குலப் பெண் தடுக்கும்போதெல்லாம் ரிங்கடியிலேயே நின்றுகொள்ளலாம். அப்புறம் பந்து ரிங்கில் பட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் தட்டலாம், அதுவும் உயரமான கைக்குத்தான் லாபம்.

அதனால் தடுப்பில் உங்கள் வேலை பந்து வந்த பிறகு தொடங்கக் கூடாது. அவள் ஓடி வரும்போதே பாதி வழியில் உங்கள் உடம்பை வையுங்கள். ரிங்குக்கு நாலடியில் பந்து வாங்க வேண்டியவளைப் பத்தடிக்குத் தள்ளிவிட்டால் உயரத்தில் பாதி வீணாகிவிடும். அவளுக்கு முழுசாகப் பின்னால் நிற்காமல், பந்து வரும் பக்கத்தில் ஒரு காலும் ஒரு கையும் முன்னால் இருக்கும்படி நில்லுங்கள். தலைக்கு மேலே தூக்கிப் போடும் பாஸுக்குப் பின்னாலிருந்து உதவிக்கு ஓர் ஆள் வர வேண்டும். அதை முன்கூட்டியே அணியில் பேசி வையுங்கள், அங்கே நீங்கள் தனி ஆளாக ஜெயிக்க முடியாது. அப்படியும் வாங்கிவிட்டாளா, இரண்டு கையையும் நேராகத் தூக்கி நின்றுவிடுங்கள். தட்டாதீர்கள். விட்டுக்கொடுத்த இரண்டு புள்ளியைத் திரும்ப எடுக்கலாம், நாலாவது ஃபவுலைத் திரும்ப எடுக்க முடியாது.

ரீபவுண்டில் முதலில் ஆளைத் தேடுங்கள், அப்புறம் பந்து. இடுப்பை அவளுக்குக் கீழே கொண்டுபோய் முதுகால் அடைத்து 'பாக்ஸ் அவுட்' வைத்துவிட்டால் போதும், பந்தை உங்கள் கார்டு எடுத்துக்கொள்வாள். பேப்பரில் உங்கள் பேருக்கு ரீபவுண்ட் ஏறாது, கோச்சுக்குத் தெரியும். 6 அடி 7 அங்குல வெஸ் அன்செல்ட் வாழ்நாள் முழுக்க என்பிஏ சென்டராக ஆடியது இந்த இடம் பிடிக்கும் வித்தையில்தான். பந்து கையில் விழுந்ததும் பாதிக் கோர்ட்டைத் தாண்டி அவர் வீசும் பாஸுக்காகவே அவரை இன்றும் பேசுகிறார்கள். முதலாண்டிலேயே, 1968-69-ல், லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

தாக்குதலில் ரிங்கடியில் போய்ச் சிக்கிக்கொள்ளாதீர்கள். ஃப்ரீ த்ரோ கோட்டருகே, ஹை போஸ்டுக்கு வாருங்கள். அவள் பின்னாலேயே வந்தால் டிரைவ் போங்கள், இல்லை வெட்டி ஓடும் தோழிக்குப் பாஸ் கொடுங்கள். வராமல் பெயிண்டிலேயே நின்றால் அங்கிருந்து ஷூட் பண்ணுங்கள். இதற்குப் பதினைந்தடி ஷாட் நம்பகமாக இருக்க வேண்டும். கடிதத்தில் ஷூட்டிங்கைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். தினமும் நூறு போடுங்கள், களைத்துப்போன நேரத்தில் போடுங்கள்.

உடம்பு ஏற்றவே ஏற்றாதீர்கள். எடை கூடினால் உங்களிடம் இருக்கும் ஒரே லாபம், அந்த வேகம், போய்விடும். ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று கால், இடுப்பு, முதுகுக்கு வலு சேருங்கள், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். ரிங்கடியில் கூட்டத்துக்கு நடுவே குதித்து இறங்குகிறவர்களுக்கு இது விளையாட்டான விஷயமில்லை. இரண்டு காலிலும் இறங்குங்கள். முட்டி உள்பக்கம் மடியாமல் இறங்குகிறீர்களா என்று ஒரு தோழியைப் போனில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தால் அன்றைக்கே கோச்சிடம் சொல்லிவிடுங்கள், ஐஸ் வைத்துக்கொண்டு மறைக்காதீர்கள்.

கோச்சிடம் எப்படிப் பேசுவது என்றுதானே இனி கேட்பீர்கள்? பிராக்டிஸ் முடிந்து, மற்றவர்கள் போன பிறகு பேசுங்கள். 'சார், நான் ஆடறேன். ஆனா அந்த முதலாண்டுப் பொண்ணும் என்கூட மாத்தி மாத்தி ஆடட்டும். ஒவ்வொரு குவார்ட்டர் தொடக்கத்துலயும் அவ மோதட்டும், கடைசி நாலஞ்சு நிமிஷம் நான் வர்றேன். பிராக்டிஸ்ல பால் ஹேண்ட்லிங், ஷூட்டிங் ரெண்டுக்கும் என்னை கார்டுகளோட விடுங்க' என்று சொல்லுங்கள். அணியைப் பற்றிப் பேசுகிறவளின் பேச்சை எந்த நல்ல கோச்சும் தட்ட மாட்டார்.

அந்த ஆறடிப் பெண்ணிடம் நீங்களே போங்கள். பாக்ஸ் அவுட் எப்படி வைப்பது என்று தினமும் பத்து நிமிடம் அவளோடு மோதிக் காட்டுங்கள். உயரமான ஆளை மார்க் பண்ணும் பழக்கம் உங்களுக்கும் வரும். அவளுக்குக் கொஞ்சம் டிரிபிளும் சொல்லிக்கொடுங்கள், இடது கையில்.