முட்டையிட்டு முடித்த புளூகில் எங்கே போகிறது?

கேள்வி: மினசோட்டாவில் வசிக்கிறேன். ஜூன் தொடக்கத்தில் படகுத்துறையை ஒட்டிய இடுப்பளவு நீரிலேயே கையகலப் புளூகில் மீன்கள் கிடைத்தன. ஜூலை பாதியானதும் அதே இடத்தில் விரல் நீளக் குஞ்சுகள் மட்டுமே மண்புழுவைக் கொத்துகின்றன. பெரியவை ஆழத்துக்குப் போய்விடும் என்றார்கள். முப்பதடி ஆழத்தில் தரையைத் தொடும்படி தூண்டிலை இறக்கியும் ஒன்றும் சிக்கவில்லை. வாடகைப் படகும், ஒலியலையால் நீருக்கடியில் உள்ளதைத் திரையில் காட்டும் சிறிய சோனார் கருவியும் உண்டு. எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: உங்களிடம் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், 'ஆழம்' என்றதை நீங்கள் 'தரை' என்று எடுத்துக்கொண்டதில்தான் பிசகு. கோடையில் பெரிய புளூகில் ஆழமான நீர் உள்ள பகுதிக்குப் போகும். ஆனால் அங்கே அடியில் படுத்திருக்காமல் நடு நீரில் நிற்கும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தேடும் வேலைதான்.

வெயில் ஏற ஏற ஏரியின் மேல்நீர் சூடாகி இலேசாகிவிடுகிறது; அடிநீர் குளிர்ந்து கனமாகவே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒரு மீட்டர் இறங்கினாலே ஒரு டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வெப்பம் குறைந்துவிடும் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. தெர்மோகிளைன் எனப்படும் இந்த அடுக்கு ஒரு மூடியைப் போலச் செயல்படுவதால், காற்று கலக்கும் மேல்நீர் கீழே இறங்குவதில்லை. அடியில் மட்கும் பாசியும் இலைகளும் அங்கிருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்க்க, சத்து மிகுந்த ஏரிகளில் ஜூலைக்குள் அடிநீர் மீன் வாழ முடியாத இடமாகிவிடுகிறது. முப்பதடித் தரையில் நீங்கள் வைத்த புழு, பெரும்பாலும் ஆளில்லாத வீட்டில் வைத்த விருந்தாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் கரையோரத்தை விட்டு அவை போவது ஏன்? நீர் ஏறத்தாழ 67 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது ஆண் மீன்கள் ஆழமற்ற மணற்பரப்பில் வாலால் விசிறித் தட்டுப் போன்ற குழிகளை அமைக்கின்றன. பெண் மீன்கள் முட்டையிட்டுச் சென்றபின் ஆண்கள் காவலிருக்கின்றன. காவல் முடிந்ததும் இளைத்துப்போன அந்த மீன்களுக்கு வேண்டியது தீனி. கோடையில் அது நடுநீரில் மிதக்கும் டாஃப்னியா போன்ற மிகச் சிறிய மிதவை உயிரிகளாக நிறையவே கிடைக்கிறது. ஆனால் அதைத் தின்னத் திறந்த நீருக்கு வரவேண்டும். அங்கே அவற்றை வேட்டையாடும் லார்ஜ்மவுத் பாஸ் மீன் காத்திருக்கும். ஏர்ல் வெர்னரும் சக ஆய்வாளர்களும் மிச்சிகனில் ஒரு குளத்தை நடுவே தடுத்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ் மீன்களை விட்டுப் பார்த்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். பாஸ் இருந்த பாதியில் சிறிய புளூகில் மீன்கள் நீர்ச்செடிகளுக்குள் ஒடுங்கின. பாஸின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்தவை வெளியே மேய்ந்தன. உங்கள் படகுத்துறையில் குஞ்சுகள் மட்டும் மிஞ்சியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. (ஜூலையிலும் ஆங்காங்கே சில குழிகளில் ஆண் மீன்கள் காவலிருக்கும், ஏனெனில் கோடையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடுவது உண்டு, ஆனால் அவற்றை நம்பி ஒரு மாலையைச் செலவிட வேண்டாம்.)

இனித் தேடும் முறை. முதல் அரைமணி நேரம் தூண்டிலைத் தொடாதீர்கள். ஏரியின் ஆழமான பகுதிக்குப் படகைச் செலுத்தி, சோனாரில் மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிட்டு, உணர்திறனைத் தானியங்கி அளவிலிருந்து சற்றுக் கூட்டுங்கள். திரையின் குறுக்கே, தரையோடு சேராமல், புகை படிந்தாற்போல் ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் தெர்மோகிளைன். அதன் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பதினெட்டு அடி என்றால், அதற்குக் கீழே உள்ள நீரை இனி மறந்துவிடலாம்.

அடுத்து, கரையிலிருந்து இறங்கிவரும் நீர்ச்செடிக் காடு எந்த ஆழத்தில் முடிகிறது என்று பாருங்கள். சூரிய ஒளி எட்டும் வரைதான் செடி வளரும் என்பதால் இது ஏரிக்கு ஏரி மாறும். கலங்கிய ஏரியில் எட்டடியிலேயே முடியலாம், தெளிந்த ஏரியில் பதினைந்தடியைத் தாண்டலாம். மினடோங்கா ஏரியில் 2010இல் கண்டறியப்பட்ட வரிச்சிப்பிகள் போன்றவை நீரை வடிகட்டித் தெளிவாக்கும் இடங்களில் இந்த எல்லை மேலும் கீழே இறங்குவதால், பத்தாண்டுக்கு முன் யாரோ சொன்ன ஆழக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். செடியின் வெளி விளிம்பு நேர்கோடாக ஓடாது. உள்ளே குழிந்த மூலைகளிலும் வெளியே நீண்ட முனைகளிலும் மீன் கூடும். விளிம்பில் இல்லையென்றால், அங்கிருந்து இருபது முப்பது கஜம் திறந்த நீருக்குள் வளைந்து வளைந்து மெதுவாகச் செல்லுங்கள். தரைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே கொத்துக் கொத்தாகப் புள்ளிகள் தெரியும். இருபத்தைந்து அடி நீரில் பன்னிரண்டு அடியில் அந்தக் கொத்து நின்றால், பிடிக்கவேண்டிய ஆழம் பன்னிரண்டு அடிகூட அல்ல, பதினொன்று. இரையைத் தேடிப் புளூகில் மேலேறி வரும், தன் வயிற்றுக்குக் கீழே தொங்குவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

குறித்த ஆழத்தில் இரையை நிறுத்த ஓடும் தக்கையை விட எளிய வழி இல்லை. தூண்டில் நரம்பு தக்கையின் நடுத்துளை வழியே தடையின்றி ஓடும். நரம்பின் மேல் தனி நூலால் போட்ட முடிச்சும் அதற்குக் கீழே கோத்த சிறு மணியும் வந்து முட்டும் இடத்தில் ஓட்டம் நிற்கும். முள்ளிலிருந்து பதினோரு அடி அளந்து அந்த முடிச்சைப் போடுங்கள். நான்கு பவுண்டுக்கு மேல் இழுவை தாங்கும் நரம்பு வேண்டாம். முள் எட்டாம் அல்லது பத்தாம் எண், நீண்ட காம்புடையதாக இருக்கட்டும். அந்தச் சின்ன வாயிலிருந்து கழற்றும்போது காம்பின் அருமை தெரியும். இரைக்கு முழு மண்புழுவைத் தொங்கவிடாமல் அரை அங்குலத் துண்டு போதும். என் முதல் தேர்வு சிறிய அட்டை, ஏனென்றால் அதைக் குஞ்சுகள் எளிதில் பிய்த்துக்கொண்டு போக முடியாது. பனிக்கால மீன்பிடிப்புக்கான டங்ஸ்டன் ஜிக்குகளை (எடை கோத்த முட்களை) கோடையில் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். உருவில் சிறிதாகவும் எடையில் கனமாகவும் இருப்பதால் படகுக்கு நேர் கீழே நிற்கும் கூட்டத்துக்கு அவை மிகப் பொருத்தம்.

கடித்ததை அறிவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். புளூகில் கவ்வி இழுப்பதில்லை. கன்னத்தை விரித்து இரையை நீரோடு உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். தக்கை முழுகும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஈயக்குண்டின் எடையால் நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால், மீன் இரையோடு மேலே எழும்பிக் குண்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது தொய்வைச் சுற்றியெடுத்து மணிக்கட்டால் மெல்லத் தூக்கினால் போதும். வேகமாகச் சுண்டினால் மெல்லிய உதடு கிழியும்.

அந்தி நெருங்கும்போது மிதவை உயிரிகள் மேல்நோக்கி நகரும், மீனும் உடன் ஏறும். பகலில் பதினோரு அடியில் கிடைத்த கூட்டம் மறையும் வெளிச்சத்தில் ஆறடியில் நிற்கலாம். கடி நின்றுவிட்டால் இடத்தை மாற்றுவதற்கு முன் முடிச்சை முள்ளை நோக்கி இரண்டிரண்டு அடியாக நகர்த்தி, இரையை மேலே ஏற்றிப் பாருங்கள்.

மினசோட்டாவில் புளூகில் அடங்கிய சன்ஃபிஷ் இனத்துக்கு மாநிலப் பொது வரம்பு நாளொன்றுக்கு 20 மீன்கள். ஆனால் பல ஏரிகளில் அது 10 அல்லது 5 என்று குறைக்கப்பட்டிருப்பதால், கிளம்புமுன் உங்கள் ஏரிக்கான விதியைப் பாருங்கள். குறைத்ததற்குக் காரணம் உண்டு. காவல் காக்கும் பெரிய ஆண்கள் தொடர்ந்து பிடிபட்டால், இளம் ஆண்கள் வளர்ச்சியை விட்டுவிட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்குகின்றன. ஏரி முழுவதும் குட்டை மீன்களாகிவிடுகிறது. நடுத்தர அளவு மீன்களைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு மிகப் பெரியவற்றை விட்டுவிடுவதே என் வழக்கம். தெளிந்த, அடிவரை ஆக்சிஜன் உள்ள ஏரிகளில் இருபத்தைந்து அடிக்கும் கீழே மீன் கிடைப்பதுண்டு. அங்கிருந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை உப்பிக் கண்கள் பிதுங்கும், திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. அந்த ஆழத்தில் வீட்டுக்குத் தேவையான அளவு பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.