சோத்தெர்ன் ஒயினுக்குச் சாக்லேட் கேக் வேண்டாம்

சாக்லேட் கேக்கோடு பரிமாறிய சோத்தெர்ன் என்னும் பிரெஞ்சு இனிப்பு ஒயின் புளித்துப்போனதுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒயின் கெட்டிருக்காது, வருந்தாதீர்கள். தன்னைவிட இனிப்பான பண்டம் பக்கத்தில் இருந்தால் இனிப்பு ஒயினும் புளிப்பாகத்தான் தெரியும்.

மீதியை ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு சுவைத்துப் பாருங்கள். அந்தச் செம்மறிப்பால் கட்டியின் உப்பும் கார நெடியும் ஒயினின் தேன்சுவையைத் தூக்கி நிறுத்தும். இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் சுவைத்ததில்லை. பிரான்சின் போர்தோ பகுதியில், சிரோன் ஆற்றோர மூடுபனியில் போட்ரைடிஸ் பூஞ்சை படர்ந்து சுருங்கிய திராட்சைகளைப் பல சுற்றுகளில் தேடித்தேடிப் பறித்துச் செய்யும் ஒயின் இது. அந்த உழைப்பைச் சாக்லேட் மறைத்துவிடக் கூடாது!

இனிப்புதான் வேண்டுமென்றால் சர்க்கரை குறைந்த பாதாம் டார்ட் போதும். 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து ஊற்றுங்கள். இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும்.