ஆண்மை போய்விடுமா?

கேள்வி: இரண்டு பிள்ளைகள் போதும் என்று கணவரே கருத்தடை அறுவை சிகிச்சைக்குத் தயார். "ஆம்பளைக்குப் பண்ணா வீரியம் போயிடும், நீயே பண்ணிக்கோ" என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லவே இல்லை. விந்தணு செல்லும் இரு குழாய்களை மட்டுமே துண்டிக்கிறார்கள். ஆண் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, நேரே ரத்தத்தில் கலப்பது. ஆசையும் விறைப்பும் குறையாது. விந்து வரும், அணு இருக்காது. தழும்பில்லா முறையில், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணிக்குள் முடிப்பார்கள். பெண்ணுக்கோ வயிற்றைக் கீற வேண்டும். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தம்பதியரில் பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டது 37.9%, ஆண் செய்துகொண்டது 0.3%. அவர் வீரியத்துக்குப் பயப்படும் குடும்பம் உங்கள் வயிற்றுக்குப் பயப்படவில்லையே, அதுதான் வேதனை.

பலர் தவறுவது இங்கே: உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியானால் மட்டும் நிறுத்துங்கள்.