ராக் கச்சேரியில் ரசிகர்களின் பரவசத்தைப் படம் பிடிப்பது எப்படி?

கூட்டத்தை எடுத்தால் முகங்கள் இருட்டாகவோ கலங்கலாகவோ வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவைவிட இது நேரம் சம்பந்தப்பட்ட விஷயம். மேடை விளக்குகள் பெரும்பாலும் பாடுபவர் மேல்தான் விழும். பல்லவி வெடிக்கும் இடத்தில்தான் கூட்டத்தை நோக்கிய வெள்ளை விளக்குகளைப் போடுவார்கள். அந்த ஓரிரு நொடிதான் உங்களுக்கு. அதனால் பாட்டுகளை முன்பே கேட்டுவிட்டுப் போங்கள்.

லென்ஸ் திறப்பு எஃப் 2.8 அல்லது 1.8, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, ஷட்டர் வேகம் 1/250 நொடி, குதிப்பவர்களுக்கு 1/500. ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் புள்ளி தட்டினால் தட்டட்டும், கலங்கிய முகத்தைத்தான் மீட்க முடியாது. சிவப்பு எல்இடி மட்டும் விழுந்தால் முகமே ஒரு சிவப்புத் திட்டாகிவிடும். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவேன்.

பத்திரிகை அனுமதியோடு மேடைக்கு முன்னால் நின்றால் வழக்கமாக முதல் மூன்று பாடல்கள்தான், ஃபிளாஷும் கூடாது. எல்லோரும் மேடையையே படம் எடுக்கும்போது நீங்கள் திரும்பி நில்லுங்கள். தடுப்புக் கம்பியைப் பிடித்திருக்கும் முதல் வரிசைக்கு மேடை வெளிச்சமும் கொஞ்சம் கிடைக்கும்.

கச்சேரிப் படத்தில் மேடை இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. 1969இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் புகைப்படக்காரர் பர்க் அசில் எடுத்தது, போர்வைக்குள் அணைத்தபடி நிற்கும் ஒரு ஜோடியை. அந்த விழாவின் இசைத்தட்டு உறையே அதுதான்.

அப்புறம், யாராவது அழுதுகொண்டிருந்தால் எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள்.