கற்றாழை இரவில் ஆக்சிஜன் தருமா?

கேள்வி: ஏசி போடுவதால் இரவில் ஜன்னல் சாத்தியே இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையும் எங்களோடுதான் தூங்குகிறாள். மணி பிளான்ட் இரவில் ஆக்சிஜனை இழுத்துவிடும், அதற்குப் பதில் கற்றாழை, ஸ்நேக் பிளான்ட் வையுங்கள், அவை இரவிலும் ஆக்சிஜன் தரும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: காற்றுக்காக மணி பிளான்ட்டை மாற்ற வேண்டியதில்லை. எல்லாச் செடிகளும் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. ஆனால் அளவைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும் ஒருவருக்கே மணிக்குச் சுமார் 15 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். நிழலில் வளரும் செடியின் ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு இருட்டில் எடுப்பது 100 மில்லிலிட்டரைக்கூடத் தொடாது. தொட்டிச் செடிக்கு அவ்வளவு இலை இருப்பதே அரிது.

கற்றாழை பற்றிச் சொல்வது பாதி உண்மை. வறட்சிக்குப் பழகிய அது, நீர் வீணாகாமலிருக்கப் பகலில் இலைத்துளைகளை மூடிவிடும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும். மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்கும். ஸ்நேக் பிளான்ட்டும் ரணகள்ளியும் இதே வகை. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையற்றுப் போகிறது என்று எழுதியது 1815இல் அச்சானது. அந்தப் புளிப்பு இந்த அமிலம்தான். (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம், அந்த இலையில் நச்சு உண்டு.)

ஆனால் ஆக்சிஜன் பிறப்பது ஒளியில் நீர் பிளக்கும்போது மட்டுமே. இருட்டில் எந்தச் செடியும் அதைத் தராது. கற்றாழையும் இரவில் ஆக்சிஜனைச் செலவழிக்கத்தான் செய்கிறது. வெளிவரும் கரியமில வாயுவைத் தானே பிடித்துக்கொள்வதால், அது சுவாசிக்காதது போலத் தோன்றுகிறது.

பகலில் இன்னொரு வேறுபாடு உண்டு. நெல், துளசி, மணி பிளான்ட் போன்றவை வெயில் ஏற ஏற ஒளிச்சுவாசத்தால் (வெளிச்சத்தில் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுவது) சேர்த்த கார்பனில் ஒரு பங்கை இழக்கும்; சோளமும் கரும்பும் அந்த இழப்பைப் பெரிதும் தவிர்த்துவிடும். வயலில் இது விளைச்சலைப் பாதிக்கும், படுக்கையறைக் காற்றை அல்ல.

உங்கள் அறையில் கரியமில வாயு கூடுவது உங்கள் மூவரின் மூச்சால்தான். கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு: மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் இரண்டின் இலையையும் குழந்தை மென்றால் வாய் எரியும், வாந்தி வரலாம். எதை வைத்தாலும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.