இரட்டைக் குழிக் கழிப்பறையும் குடிநீரும்: கேட்டவர்களுக்குப் பதில்

திருச்சி, பெரம்பலூர் பக்கத்து ஊராட்சிகளில் பல வருடம் கழிப்பறை, குடிநீர் வேலை பார்த்தவன் நான். கேள்விகளுக்கு நன்றி. பலர் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

துறையூரிலிருந்து: அண்ணா, வீட்டுக்குக் கழிப்பறை கட்டப் போகிறோம். இரட்டைக் குழி சீக்கிரம் நிரம்பும், நாறும், செப்டிக் டேங்கே போடுங்கள் என்கிறார் கொத்தனார். யார் பேச்சைக் கேட்பது?

இடமும் மண்ணும் ஒத்து வந்தால் இரட்டைக் குழியே போடுங்கள் தம்பி. இரண்டு குழி தோண்டி, ஒன்று நிரம்பினதும் மற்றதுக்கு மாறுவதுதான் இது. ஐந்து பேர் வீட்டுக்கு, மூன்றடிக்குச் சற்று அதிகமான விட்டம், நாலடி ஆழத்தில் ஒரு குழி சுமார் 3 வருடம் தாங்கும். பக்கச் சுவரில் தேன்கூடு மாதிரி துளை விட்டுக் கட்ட வேண்டும். அடியில் சிமெண்ட் பூசவே கூடாது. தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும், வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். அதனால் தனியாகக் காற்றுக் குழாய் வேண்டாம். சரிவு அதிகமுள்ள ஊரகப் பேசினும் 20 மி.மீ. நீரடைப்பு உள்ள டிராப்பும் (வாடை மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) கேட்டு வாங்குங்கள். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினாலே சுத்தமாகிவிடும்.

கொத்தனார் சொல்கிற மாதிரி நிரம்பிய குழிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஜங்ஷன் சேம்பர், அதாவது கழிப்பறைக் குழாய் இரண்டு குழிக்கும் பிரிகிற சின்னத் தொட்டி, அதன் மூடியைத் தூக்கினேன். இரண்டு குழிக்கும் போகிற வாய் இரண்டுமே திறந்திருந்தது. "ரெண்டு குழியும் சேர்ந்தா கூட நாள் வரும்னு விட்டோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. இரண்டும் ஒன்றாக நிரம்பி, ஆறப்போட ஒரு குழிகூட மிச்சமில்லை. ஒரு வாயைச் செங்கல், களிமண் வைத்து அடைத்துவிட வேண்டும். கட்டுகிற அன்றே நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: சரி, நிரம்பின குழியை யார் அள்ளுவது? நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறதே.

நிரம்பினதும் அந்த வாயை அடைத்து, அடுத்த குழிக்குத் திருப்பிவிடுங்கள். பழைய குழியை இரண்டு வருடம் தொடாதீர்கள். குடற்புழு முட்டை சீக்கிரம் சாகாது, அதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. அப்புறம் திறந்தால் கறுப்பாக, உதிரியாக மக்கிய எரு இருக்கும், வாடையே வராது. வீட்டுக்காரர்களே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். 2017 பிப்ரவரியில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளியில், அப்போதைய மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே இப்படி ஒரு குழிக்குள் இறங்கி அள்ளிக் காட்டினார்.

இரட்டைக் குழியை நான் விடாமல் சொல்வதற்குக் காரணமே இதுதான். செப்டிக் டேங்கின் சகதி முழுசாக மக்காமல் கிடக்கும், விஷவாயுவும் தேங்கும். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் டேங்குக்குள் ஆளை இறக்கிச் சாகக் கொடுக்கிறோம். என்னால் அதை ஏற்கவே முடியவில்லை.

முசிறியிலிருந்து: எங்கள் வீடு ஆற்றங்கரை. பத்தடியில் தண்ணீர், மழைக்காலத்தில் இன்னும் மேலே வரும். குழி போடலாமா?

வேண்டாம் அம்மா. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே மழைக்காலத்திலும் 2 மீட்டர் மண் வேண்டும். அது இல்லையென்றால் கிருமி நேராகக் கிணற்றுக்குப் போகும். கிணறு, போர்வெல்லிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருப்பது நல்லது. வெடிப்புள்ள பாறை நிலமென்றால் இன்னும் தள்ளிப் போங்கள். உங்களுக்கு ஏற்றது தரைக்கு மேலே கட்டும் ஈகோசான், அதாவது மலத்தை உலரவைத்து எருவாக்கும் கழிப்பறை. மலம், சிறுநீர், கழுவுகிற தண்ணீர் மூன்றும் தனித்தனியாகப் போகும், ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் தூவ வேண்டும். உங்கள் முசிறியிலேயே சமுதாயக் கழிப்பறையாகவே இதைக் கட்டினார்கள், நேரில் போய் விசாரியுங்கள்.

ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேங்க் ஆபரேட்டர்: சார், 10,000 லிட்டர் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

33% குளோரின் உள்ள நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், உங்கள் தொட்டிக்கு 25 கிராம். இது ஆரம்ப அளவுதான். மூட்டை வாய் திறந்தே கிடந்து பவுடர் கட்டிபிடித்திருந்தால் சத்து போயிருக்கும். முதலில் பசை மாதிரி கரைத்து, தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டு, கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் மிச்சமுள்ள குளோரினை நிறம் பார்த்து அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரினாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவைக் கூட்டுங்கள்.

ஒரு கல்லூரி மாணவி: பாட்டிலில் தண்ணீரை வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்பது உண்மையா?

உண்மைதான்மா. நிறமில்லாத 2 லிட்டர் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், நல்ல வெயிலில் 6 மணி நேரம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய் வழியாகப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் கலங்கல் அதிகம், முதலில் வடிகட்ட வேண்டும். விடாத மழை நாளில் கொதிக்க வைப்பதே வழி.

தர்மபுரியிலிருந்து: போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாது ஐயா. ஃப்ளோரைடு கிருமி இல்லை, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு. தண்ணீர் ஆவியாகி, ஃப்ளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். வராத நாளுக்குக் கூரை மழைநீர் இருக்கிறது. 500 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், முதல் தண்ணீரை வெளியே விட்ட பிறகும் 400 லிட்டர் பிடிக்கலாம். வலை கட்டி மூடிவைத்து, காய்ச்சிக் குடியுங்கள். நாளைக்கு 25 லிட்டர் என்றால் 16 நாள் வரும். குளிக்க, துவைக்க போர் தண்ணீரே இருக்கட்டும்.